சானல் படம், ரப்பர் மரம், கடலுக்குள் ஒரு பார்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குமரி மாவட்டத்திலிருந்து, அதுவும் ஒரே விஷயத்தைச் சுற்றி. சொந்தமாக ஒரு இணையதளம் தொடங்கி, பரணில் கிடந்த காகிதங்களையும் கையால் போட்ட படங்களையும் அதில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியதை யாராலும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை என்பதுதான் எல்லோருடைய புலம்பலும். சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

தம்பி, நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். என் அப்பா பத்மநாபபுரம் புத்தனாறு சானலில் (பாசனக் கால்வாய்) லஸ்கராக (தண்ணீர் திறந்துவிடும் பணியாளர்) இருந்தவர். எந்த மடையிலிருந்து எந்தக் குளத்துக்குத் தண்ணீர் போகிறது, எந்த ஏலா (வயல்வெளி) எத்தனை கோட்டை விதைப்பாடு (விதைநெல் கணக்கில் சொல்லும் நில அளவு) என்று காக்கித் தாள்களை ஒட்டி நாலரை அடி நீளத்துக்கு ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தார். அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி என் தளத்தில் ஒரு சட்டத்துக்குள் வைத்தேன். என் கணினியில் அருமையாகத் தெரிகிறது. சென்னையிலிருக்கும் பேத்தி கைபேசியில் திறந்தால் வெறும் சாம்பல் கட்டம்தான் வருகிறதாம். என்ன செய்ய? (தக்கலை)

சார், தப்பு உங்களுடையது இல்லை. கணினியில் இருக்கும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுக்குள்ளேயும் பிடிஎஃப் காட்டும் கருவி ஒன்று ஒளிந்திருக்கிறது, அதனால்தான் உங்களுக்குச் சட்டத்துக்குள்ளேயே விரிந்துவிட்டது. கைபேசி உலாவிகள் பலவற்றில் அப்படி நடக்காது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் வெற்றுக் கட்டம் வரும், இல்லையென்றால் 'திற' என்று ஒரு பொத்தான் வரும். ஐபோனில் பல நேரம் முதல் பக்கம் மட்டும் வந்து நின்றுவிடும். இன்றைக்கு உங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கைபேசியில்தான் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியானால் ஐஃப்ரேமுக்குள் (நீங்கள் சொன்ன அந்தச் சட்டத்தின் பெயர்) பிடிஎஃப் வைப்பது கடையைத் திறந்து ஷட்டரைப் பாதி இறக்கி வைத்த மாதிரிதான்.

பிடிஎஃப் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 1993ல் அடோபி அதைக் கொண்டுவந்ததே எந்த இயந்திரத்தில் அச்சடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி வரவேண்டும் என்பதற்காக. அச்சடிக்கவும், இறக்கி வைத்துக்கொள்ளவும் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அது காகிதத்தின் அளவைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆறு அங்குலத் திரைக்குத் தன்னை ஒடுக்கிக்கொள்ளத் தெரியாது. ஆகவே பிடிஎஃப்பை ஒரு இணைப்பாகக் கீழே கொடுங்கள், பக்கத்திலேயே 'இத்தனை எம்பி' என்று எழுதிவிடுங்கள் (இதைச் செய்யாத தளங்களால் என் கைபேசி டேட்டா தீர்ந்த கதை நிறைய இருக்கிறது). பக்கத்தின் நடுவில் வைக்க வேண்டியது வேறு.

உங்கள் வரைபடம் நாலரை அடி நீளம், அகலம் இரண்டடி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 16,200 க்கு 7,200 புள்ளிகள், அதாவது பதினோரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல். சுருக்காமல் வைத்தால் கிட்டத்தட்ட 350 எம்பி. கைபேசித் திரையின் அகலம் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிதான். அப்படியே ஏற்றினால் கைபேசி திணறிப்போகும், திரைக்குத் தகுந்த மாதிரி சிறிசாக்கி ஏற்றினால் உங்கள் அப்பாவின் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய படத்தைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டி வைத்து, பார்க்கிறவர் எந்த இடத்தை விரலால் பெரிதாக்குகிறாரோ அந்தச் சதுரங்களை மட்டும் அனுப்புவது. ஆன்லைன் மேப் எல்லாம் இப்படித்தான் ஓடுகிறது. ஓப்பன்சீட்ராகன் என்று ஒரு இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது, கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் என்னைக் கேட்டால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, படத்தைக் குளம் குளமாக வெட்டுவது. ஒரு குளம், அதற்கு வரும் ஓடை, அந்த மடை, இவ்வளவுதான் ஒரு படத்தில். அதன் கீழே நாலு வரி: அப்பா அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறார், நீங்கள் சிறுவயதில் பார்த்தது என்ன, இப்போது அந்தக் குளம் இருக்கிறதா, இல்லை பஸ் ஸ்டாண்டோ கல்யாண மண்டபமோ ஆகிவிட்டதா. அதை எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள், படமாக வைக்காதீர்கள். ஏனென்றால் கூகிள் உங்கள் அப்பாவின் கையெழுத்தைப் படித்து எல்லாக் குளத்தின் பெயரையும் பிடித்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது, நீங்கள் தட்டச்சு செய்த பெயரை அது கட்டாயம் படிக்கும். தன் ஊர்க் குளத்தின் பெயரைத் தேடுகிற யாரோ ஒருவர் அந்த வழியாகத்தான் உங்கள் அப்பாவிடம் வந்து சேருவார். பேச்சிப்பாறை அணை 1906ல் கட்டி முடிந்தது என்பதை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், அந்தத் தண்ணீர் கடைசி மடையில் எந்த ஏலாவுக்குள் நுழைந்தது என்பது உங்கள் காக்கித் தாளில்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. இப்படிக் கோடும் எழுத்துமாக இருக்கிற படத்தை ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். ஜேபெக் புகைப்படத்துக்கென்று செய்தது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாததை எல்லாம் தூக்கிப் போட்டுவிடும். முகத்திலும் மேகத்திலும் அது தெரியாது. கறுப்புக் கோட்டின் ஓரத்தில் கொசு மொய்த்த மாதிரி தெரியும். வெட்டிய துண்டுகளுக்கு பிஎன்ஜி போதும். தாளின் பழுப்பு நிறமும் மடிப்பும் தெரியும்படி முழுப்படம் ஒன்று வைக்கிறீர்கள் அல்லவா, அதற்கு மட்டும் ஜேபெக் பரவாயில்லை.

அப்பாவின் குறிப்புகளை ஒரு டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருகிறது. (அதே தக்கலை ஆசிரியர்)

பாமினியோ வானவில்லோ, அந்த மாதிரிப் பழைய எழுத்துருவாக இருக்கும் சார். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், மேலே தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறது. முகமூடி இல்லாத இடத்துக்குப் போனால் வேஷம் கலைந்துவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒட்டினால் மாறிவிடும். மாற்றியபின் ஒரு முறை கண்ணால் படியுங்கள், துணைக்காலும் (ா) 'ர'வும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். யுனிகோடில் தமிழ் 1991லேயே சேர்ந்துவிட்டது, தமிழ்நாடு அரசும் 2010ல் ஏற்றுக்கொண்டாயிற்று, ஆனாலும் பல டிடிபி கடைகள் இன்னும் பாமினியில்தான் குடித்தனம் நடத்துகின்றன.

அண்ணே, நான் ரப்பர் பால்வெட்டு கற்றுக்கொடுக்கிறேன். வெட்டுக்காரர்களுக்காக மரத்தில் எங்கே, எந்தச் சாய்வில் வெட்டணும்னு படம் வரைந்து தளத்தில் போட்டேன். பெரிதாக்கினால் மங்கிப்போய் எண்ணே தெரியவில்லை. (மார்த்தாண்டம்)

தம்பி, நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். படம் நல்லாயிருக்கு, வைத்திருக்கிற பாத்திரம்தான் சரியில்லை. இதற்கு எஸ்விஜிதான் சரி. மற்ற படங்கள் எல்லாம் புள்ளிகளைக் கூட்டி வைத்தவை, எஸ்விஜி அப்படியில்லை. 'இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு ஒரு கோடு போடு' என்று எழுதி வைத்த சமையல் குறிப்பு மாதிரி. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் உலாவி புதிதாக வரைந்து கொடுக்கும், மங்கவே மங்காது. 2001லிருந்து இணையத்தின் அதிகாரபூர்வத் தரமாக இருக்கிறது, எல்லா உலாவியும் காட்டும். உன் மரப்படம் சில கேபியில் முடிந்துவிடும், சிற்றாறு பக்கம் எஸ்டேட்டுக்குள் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் திறக்கும். வரைய இங்க்ஸ்கேப் போதும், காசு கிடையாது.

இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, படத்தின் எல்லையைச் சொல்லும் வியூபாக்ஸ் என்ற வரியை யாராவது 'சுத்தம் செய்கிறேன்' என்று எடுத்துவிட்டால் படம் திரைக்கேற்ப விரியாது, சுருங்காது, பாதி மரம் வெளியே போய்விடும். இரண்டாவது தமிழ் எழுத்து. எஸ்விஜியைச் சாதாரணப் படம் மாதிரி பக்கத்தில் செருகினால், உன் தளத்தில் நீ போட்டிருக்கிற எழுத்துரு அதற்குள் போகாது. பார்க்கிறவர் கைபேசியில் எது இருக்கிறதோ அதில்தான் வரும், சில நேரம் எழுத்து கோட்டுக்கு மேல் ஏறி உட்காரும். எழுத்தைக் கோடாக மாற்றிவிடு என்று பலர் சொல்வார்கள், இங்க்ஸ்கேப்பில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் மாற்றிவிட்டால் அது எழுத்தே இல்லை, தேடினால் கிடைக்காது, பார்வையில்லாதவருக்குக் கைபேசி வாசித்தும் காட்டாது. எஸ்விஜியின் வரிகளையே பக்கத்துக்குள் நேரடியாக ஒட்டிவிடு, எழுத்துருவும் வரும், எழுத்து எழுத்தாகவும் இருக்கும். கொஞ்சம் அசிங்கமாக நீளமாக இருக்கும், இருக்கட்டும்.

இனி படத்துக்குள்ளே வருகிறேன், திட்டாதே. உன் முதல் படத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறது, சரி. ரப்பர் பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக மேலே போகாமல் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். மூன்றாவது படத்தில், மரம் பக்கத்தின் மறுபுறம் நிற்க வேண்டும் என்று அழகுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறாய், வெட்டும் சேர்ந்து திரும்பிவிட்டது! புதிதாகக் கத்தி பிடிக்கிற பையன் அதைப் பார்த்து வெட்டினால் பால் குறையும், நீதான் பதில் சொல்லணும். 30 டிகிரி சாய்வு, ஒட்டுக்கன்று மரத்தில் 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. சுற்றளவு வந்தபின்தான் வெட்டு தொடங்குவது, இதையெல்லாம் படத்தில் எண்ணாகப் போட்டதோடு நிறுத்தாமல் கீழே ஒரு வாக்கியமாகவும் எழுது. அப்புறம், 'சிவப்புக் கோடு இந்த வருஷம், பச்சைக் கோடு அடுத்த வருஷம்' என்று வைத்திருக்கிறாய். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிற ஆட்கள் நாம் நினைப்பதைவிட நிறைய. ஒன்றைப் புள்ளிக்கோடாக்கி, பக்கத்திலேயே பெயரையும் எழுதிவிடு.

படங்கள் என் மடிக்கணினியில் தெரிகின்றன. தளத்தில் ஏற்றியதும் உடைந்த படச் சின்னம் மட்டும் வருகிறது. (நாகர்கோவில்)

கோப்பின் பெயரைப் பாருங்கள். கேமரா கொடுத்த பெயரின் கடைசியில் ஜேபிஜி பெரிய எழுத்தில் (JPG) இருக்கும், தளத்தின் பக்கத்தில் நீங்கள் சிறிய எழுத்தில் (jpg) அடித்திருப்பீர்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு ஆள். பெயரெல்லாம் சிறிய ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல், சிறு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பெயர் வைப்பது தப்பில்லை, ஆனால் இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக நீண்டு விகாரமாகிவிடும்.

எல்லாவற்றையும் கூகிள் டிரைவில் போட்டு இணைப்பு மட்டும் கொடுத்தால் போதாதா அண்ணாச்சி? (தோவாளை)

போதும், அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறவரை. 'இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்' என்று மாற்ற மறந்து, ஊரெல்லாம் அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்புவது தனிக் கூத்து. கிட்ஹப் பேஜஸில் ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை இலவசமாக வைத்துக்கொள்ளலாம், ஒரு குடும்பத்துக் காகிதங்களுக்குத் தாராளம். டிரைவில் ஒரு பிரதி இருக்கட்டும், காப்புக்கு.

எங்கள் குடும்பத்தின் பழைய பிரமாணங்கள் (நிலப் பத்திரங்கள்) பதினெட்டு இருக்கின்றன. பல மலையாளத்தில். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது. தளத்தில் வைத்தால் ஒரு ஆவணமாக இருக்குமே என்று ஆசை. எப்படி வைப்பது? (விளவங்கோடு தாலுகா)

நம் மாவட்டத்துக்கென்றே உள்ள சிக்கல் இது. 1956 நவம்பர் 1 வரை நாம் இருந்தது திருவிதாங்கூர்ப் பக்கம், அதனால் தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில், வருஷம் கொல்லம் ஆண்டில், பேரப்பிள்ளை தமிழும் ஆங்கிலமும். அசல் படத்தை மட்டும் தொங்கவிட்டால் அது அவர்களுக்கு வெறும் சித்திரம். ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே படம், கீழே மலையாளத்தில் உள்ளதை வரிக்கு வரி தட்டச்சு, அதற்கும் கீழே தமிழில் சாரம். மலையாளம் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், களியக்காவிளைப் பக்கம் போனால் நிச்சயம் கிடைப்பார்கள், அவர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆண்டை மாற்றும்போது கவனம். ஆவணி ஒன்றில் (மலையாளத்தில் சிங்ஙம்) கொல்லம் ஆண்டு பிறக்கிறது. அதனால் ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை உள்ள தேதிக்கு 824ம், ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 825ம் கூட்ட வேண்டும். திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் கொல்லம் 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12, இதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிட்டு, பிறகு ஒரு தாத்தா தன் கல்யாணத்துக்கு முன்பே மனைவி பெயரில் நிலம் எழுதி வைத்ததாக வந்த குடும்ப வரலாறு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கசப்பான விஷயம். பழைய பத்திரம் என்றால் பரவாயில்லை, அதோடு சேர்த்து இப்போதைய பட்டா, தீர்வை ரசீது, ஆதார் நகல் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர் பெயர், சர்வே எண், கையெழுத்து, கைரேகை எதுவும் வெளியே போகக் கூடாது. 'கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிட்டேன்' என்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு நானே ஒரு ரசீதின் பிடிஎஃப்பில் தொலைபேசி எண் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து ஏற்றினேன். அன்று சாயங்காலமே ஒரு நண்பர் அதே எண்ணில் கூப்பிட்டு, "உன் கட்டத்துக்கு அடியில இருந்த நம்பர்தான் மக்கா" என்றார். கட்டம் எழுத்துக்கு மேல் போர்த்திய துணி, அவ்வளவுதான். அடியில் உள்ளதைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் அப்படியே வரும். மறைக்க வேண்டியதை மறைத்து, பக்கத்தை ஒரு படமாக மாற்றி, அந்தப் படத்தைத்தான் ஏற்ற வேண்டும். இல்லை, காகித நகலிலேயே ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள், எந்தக் கெட்டிக்காரனாலும் அடியில் பார்க்க முடியாது. கைபேசியில் படம் எடுத்திருந்தால் எடுத்த இடத்தின் இருப்பிடத் தகவலும் கோப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

எங்கள் பள்ளியின் பழைய பாடநூல் ஒன்றை முழுசாக ஸ்கேன் செய்து போடலாமா? (இரணியல்)

எழுதியவர் எப்போது இறந்தார் என்று பாருங்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். 1964ல் இறந்தவர் என்றால் 2025 பிறந்ததிலிருந்து தாராளமாகப் போடலாம். அந்த 60 ஆண்டு இன்னும் முடியவில்லை என்றால் அவர் வீட்டில் கேளுங்கள்.

அண்ணா, எங்கப்பா மீனவர். வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. கடலுக்குள் எந்தப் பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்று கரை அடையாளம் வைத்து ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார். அதை என் தளத்தில் படமாகப் போடலாமா? எப்படிப் போட்டால் பார்க்கிறவர்களுக்குப் புரியும்? (குளச்சல்)

தங்கச்சி, உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். முதலில் 'எப்படி' என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வரைந்திருப்பதை மேலிருந்து பார்க்கிற மேப்பாக மாற்றிவிடாதே. படித்த பிள்ளைகள் செய்கிற முதல் தப்பு அதுதான். அவர் வள்ளத்தில் நின்று கரையைப் பார்த்து வரைந்திருக்கிறார். மலையின் ஒரு முனைக்கு நேர் கீழே கோயில் கோபுரமோ தேவாலயமோ வந்து நின்றால் அது ஒரு கோடு. வேறு பக்கம் திரும்பி, கலங்கரை விளக்கமும் அதன் பின்னால் ஒரு பாறையும் ஒன்றுக்கு நேராக ஒன்று வந்தால் அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். அந்தக் காட்சி, கரை எப்படித் தெரிகிறதோ அப்படியே நீளவாக்கில் இருக்கட்டும். பக்கத்தில் சின்னதாக எஸ்விஜியில் ஒரு விளக்கப்படம், இரண்டு கோடு வெட்டுவது மட்டும், போதும்.

ஆனால் எந்த மலை, எந்தக் கோபுரம் என்று வெளியே சொல்லலாமா? அது அப்பாவின் நோட்டுதான், ஆனால் அந்தப் பார்களில் இன்றைக்கும் தூண்டில் போட்டுப் பிழைக்கிறவர்கள் உங்கள் கடற்கரையில் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்து, எங்கிருந்தோ வரும் பெரிய விசைப்படகு நேராக அந்த இடத்துக்குப் போய் மடி வலை இழுத்தால் பார் இருக்காது. அப்பாவையும், அவரோடு கடலுக்குப் போனவர்களையும் உட்காரவைத்துக் கேள். நானாக இருந்தால், முறை என்ன என்பதை எல்லோரும் பார்க்கும்படி வைப்பேன். யாருக்கும் தெரிந்த, இனி மீன்படாத ஒரு இடத்தை மட்டும் உதாரணமாகக் காட்டுவேன். மற்ற பக்கங்களை நல்ல தரத்தில் படமெடுத்து வீட்டில் இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்துக்கொள்வேன், தளத்தில் ஏற்ற மாட்டேன். கடவுச்சொல் போட்டு ஏற்றலாமே என்று கேட்பாய். கடவுச்சொல் ஒருவரிடமிருந்து ஒன்பது பேரிடம் போக எத்தனை நேரம் ஆகும்?

ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுக்கும்போது அப்பாவை அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் குரலையும் பதிந்துகொள். எத்தனை பாகம் (இரு கையை விரித்த நீளம்) ஆழம், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் இருக்காது, வாயில்தான் இருக்கும். பென்சிலில் எழுதியது, உப்புக் காற்றில் முப்பது வருஷம் கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். படமெடுக்க ஸ்கேனர் வேண்டாம், தாளை அழுத்தினால் ஓரம் உதிர்ந்துவிடும். காலையில் வெயில் நேரடியாக விழாத திண்ணையில் விரித்து வைத்து, கைபேசியை நேர் மேலே பிடித்து எடு, ஃபிளாஷ் வேண்டாம். தளம் அடுத்த மாதம் தொடங்கினாலும் பரவாயில்லை, இதை இந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடு.